கடற்காகத்தின் கன்னத்துப் புள்ளி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை மறைத்துவிட்டு மீதியைச் சொன்னால் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பீளமேட்டில் பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். வார்ப்படத்தில் அளவு பிசகியிருந்தாலோ, மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, அதன் மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து ஓரமாகத் தள்ளிவிட வேண்டும். எட்டு மணி நேரம் இதையே செய்கிறவனுக்கு வெளியே வந்தாலும் கை சும்மா இருக்காது. டீயில் தண்ணீர் அதிகம் என்றால் கடைக்காரரிடம் சொல்லிவிடுவேன். பஸ் தாமதமானால் கண்டக்டரிடம் கேட்டுவிடுவேன். அந்தப் பெயிண்ட் டப்பாவைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வந்தால் என்ன என்று என் மனைவி பலமுறை கேட்டிருக்கிறாள்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. சிங்காநல்லூர் குளக்கரையில் சைக்கிள் பஞ்சராகி நின்றபோது தாமரை இலை மேல் ஒரு பறவை நடந்து போனது. இலை அமுங்கவில்லை. அதன் பெயர் தாழைக்கோழியா, வேறு ஏதாவதா என்று அங்கே இருந்த ஒருத்தருக்கும் தெரியவில்லை. பெயர் தெரியாத ஒரு பொருளை என்னால் சகித்துக்கொள்ள முடியாது. விசாரித்துக்கொண்டே போய், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குளம் குளமாகச் சுற்றும் ஆறேழு பேரோடு சேர்ந்துவிட்டேன்.

அந்தக் கூட்டத்தில் இரண்டு பேரைப் பற்றிச் சொன்னால் போதும். ஒருவர் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். கோவை வட்டாரத்தில் பார்த்த பறவைகளின் பட்டியல் அவர் கையில் இருந்தது. நாங்கள் எல்லாரும் அவரை வாத்தியார் என்றே கூப்பிட்டோம். இன்னொருவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த ஒரு பெண்மணி. போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. கணவர் ரயிலில் கார்டு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் நான் அக்கா என்பேன், அவர் தம்பி என்பார். துபாயில் இருந்த கூடப்பிறந்தவர் வாங்கித் தந்த பைனாகுலர் ஒன்று அவரிடம் இருந்தது. எங்கள் கூட்டத்திலேயே நல்ல பைனாகுலர் அதுதான். அதனால் எனக்கு அவர் மேல் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வாத்தியார் சில விதிகள் வைத்திருந்தார். ஒரு பறவையைப் பார்த்தால், புத்தகத்தைத் திறக்கும் முன்பே, பார்த்ததை நின்ற இடத்திலேயே நோட்டில் எழுத வேண்டும். புத்தகத்தைப் பார்த்துவிட்டு எழுதினால் படத்தில் இருப்பதெல்லாம் நாம் பார்த்தது மாதிரி ஆகிவிடும் என்பார். பேனாவில்தான் எழுத வேண்டும், பென்சில் கூடாது. எழுதியதை அடிக்கக் கூடாது. பட்டியலில் புதிதாக ஒரு பறவை ஏற வேண்டுமானால் இரண்டு பேர் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் போட்டோ வேண்டும். இந்த விதிகளை எழுதியவர் அவர் என்றாலும் காவலுக்கு நின்றவன் நான்தான். விதி என்றால் எனக்கு அவ்வளவு பிரியம்.

ஒருநாள் அக்கா கூட்டத்தில் ஒரு சேதி சொன்னார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எக்ஸ்சேஞ்ச் மொட்டை மாடியில் நின்றிருக்கிறார். அங்கே இருக்கும் உயரமான டவரிலிருந்து ஒரு பெரிய வல்லூறு கல் விழுகிற மாதிரி இறங்கி, பறந்துகொண்டிருந்த மாடப்புறாவை நடு வானத்திலேயே அடித்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அப்படிப்பட்ட வல்லூறு எங்கள் பட்டியலில் கிடையாது. வாத்தியார் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா அதன் முகத்தைப் பற்றி ஏதோ சொல்ல வந்தார். நான் விடவில்லை. கூட யார் பார்த்தார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை. நோட்டில் எழுதினீர்களா என்று கேட்டேன். நோட்டு கீழே மேஜையில் இருந்ததாம்.

"சோறு உண்டுபோட்டு நின்னா கண்ணு சொக்குமுங்க்கா," என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அக்காவும் சிரித்தார். வல்லூறு பட்டியலில் ஏறவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் நல்ல வேலை செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டேன். அடேயப்பா, எவ்வளவு திமிர்.

அதற்குப் பிறகுதான் கேமரா வாங்கினேன். ஒரு பயலும் என்னை அப்படிக் கேட்டுவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை. ரஷ்யாவில் செய்தது, மூன்றாவது கைக்கு வந்தது, செங்கல் மாதிரி கனக்கும். அதற்கு முந்நூறு எம்.எம். லென்ஸ் ஒன்று. கையில் பிடித்தால் ஆடும் என்பதால் எங்கள் கம்பெனியில் மர அச்சு செய்யும் ஆசாரியிடம் சொல்லி, தோளில் முட்டுக் கொடுத்துப் பிடிக்கத் தேக்கில் ஒரு கட்டை செய்துகொண்டேன். பார்க்கிறவர்களுக்குத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். வெள்ளலூர் குளத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கொக்கு சுட்டால் தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டு ஒரு மணி நேரம் கூடவே உட்கார்ந்திருந்தார்.

கலர் ஃபிலிம் போட்டால் டவுனில் இருக்கும் லேபுக்குப் போகும். அங்கே மெஷின் மொத்தப் படத்தையும் போட்டுக் கொடுக்கும். குளம் வரும், கரை வரும், வானம் வரும், நடுவில் மிளகு அளவுக்கு ஒரு பறவை வரும். ஆகவே நான் கருப்பு வெள்ளையிலேயே எடுத்தேன். எங்கள் தெருமுனையில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. அந்த ஸ்டுடியோக்காரர் சொந்த டார்க் ரூமில், மிளகு அளவுப் பறவையை மட்டும் பெரிதாக்கிப் படமாகக் கொடுப்பார். கல்யாணப் படம், காதுகுத்துப் படம், பாஸ்போர்ட் படம் எடுத்து வளர்ந்தவர். படத்தில் முகம் துடைத்து விடுவதில் பெரிய கை. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் பெண் போட்டோ என்றால் அந்தப் பக்கத்து ஜனங்கள் அவரைத்தான் தேடி வருவார்கள்.

ஜனவரியில் நீர்ப்பறவைகளை எண்ணும் நாள் வந்தது. குறிச்சிக் குளத்தில் மற்றவர்கள் அக்கரைக்குப் போய்விட, இந்தக் கரையில் நானும் அக்காவும் நின்றோம். நாமக்கோழிகளை எண்ணி முடித்து, வாத்துகளுக்கு வந்திருந்தோம். தண்ணீருக்கு நடுவே பட்டுப்போன ஒரு வேல மரத்தின் கட்டை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் வெள்ளையாக ஒரு பறவை வந்து உட்கார்ந்தது. கடற்காகம். கடலே இல்லாத எங்கள் ஊருக்குக் கடற்காகம் வருவது எப்போதாவது நடக்கும். பழுப்புத்தலைக் கடற்காகம் என்ற ஒன்று மட்டும் ஏற்கனவே பட்டியலில் இருந்தது. பெயர்தான் பழுப்புத்தலை, குளிர்காலத்தில் தலை வெள்ளையாகிவிடும். கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டும் மிஞ்சும்.

நான் கேமராவில் கண்ணை வைத்துவிட்டேன். அக்கா பைனாகுலரில் பார்த்துக்கொண்டே சொல்லச் சொல்ல நான் ஒரு கையால் நோட்டில் கிறுக்கினேன். முதுகு சாம்பல். வயிறு வெள்ளை. கால் சிவப்பு. தலை வெள்ளை.

"கண்ணுக்குப் பின்னால ஒரு கருப்புப் புள்ளி இருக்குதுங்க தம்பி. கொழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வெச்சமாட்டம்," என்றார்.

எனக்கு அது தெரியவில்லை. என் லென்ஸில் அவ்வளவு துல்லியம் கிடையாது. ஆனாலும் எழுதினேன்: கண்ணுக்குப் பின்னால் கரும்புள்ளி, அக்கா சொன்னது. நாலு படம் எடுத்தேன். ஐந்தாவதுக்கு ஃபிலிமைச் சுற்றுவதற்குள் அது எழுந்து சூரியன் இருந்த பக்கமாகப் பறந்துவிட்டது. இரண்டு பேருக்கும் கண் கூசியது. இறக்கையின் நுனி எப்படி இருந்தது என்பதை இருவருமே பார்க்கவில்லை.

பிறகு புத்தகத்தைத் திறந்தோம். புள்ளி இருந்தால் அது பழுப்புத்தலை, பட்டியலில் இருப்பது. புள்ளி இல்லாவிட்டால், அலகும் கொஞ்சம் நீளமாக இருந்தால், அது வேறு ஒன்று. இங்கிலீஷில் மெல்லிய அலகுக்காரன் என்று பெயர் இருந்தது. எங்கள் மாவட்டத்தில் அதை யாரும் பார்த்ததே இல்லை. எனக்கு அலகு நீளமாகத்தான் பட்டது. வேண்டும் வேண்டும் என்று பார்த்தால் எதுதான் நீளமாகத் தெரியாது? அலகைப் பார்த்தீர்களா என்று அக்காவிடம் மூன்று தரம் கேட்டேன். அவர் புள்ளி இருந்தது என்பதையே மூன்று தரமும் சொன்னார். கடைசியில் படம் வரட்டும், படம் சொல்லிவிடும் என்று நான் முடித்துவிட்டேன்.

படம் வந்தது. ஸ்டுடியோக்காரர் அதைப் பெரிதாகப் போட்டு, கல்யாணப் படத்துக்கு ஒட்டுகிற கெட்டி அட்டையில் வெள்ளை ஓரம் விட்டு ஒட்டிக் கொடுத்தார். கட்டையின் மேல் கடற்காகம் பக்கவாட்டில் நின்றது. கண் மணி தெரிந்தது. தலை பாலில் முக்கி எடுத்த மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தது. புள்ளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தெருவிலேயே நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

அடுத்த ஞாயிறு படம் கைக்குக் கை போனது. வாத்தியார் லென்ஸ் வைத்துப் பார்த்தார். புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். பிறகு என் நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். கரும்புள்ளி வரியில் விரலை வைத்து, இது என்ன என்றார். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அடிச்சுப்போடுங்க தம்பி. படம் பொய் சொல்லுமுங்களா? எனக்குத்தான் என்னமோ தெரிஞ்சிருக்குது," என்றார்.

நான் அடித்தேன். அவர் கண் முன்னாலேயே பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். எழுதியதை அடிக்கக் கூடாது என்ற விதி அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை, வேறு யாருக்கும் வரவில்லை. பட்டியலில் புதுப் பறவை ஏறியது. பக்கத்தில் என் பெயர். படத்தின் இன்னொரு பிரதி எங்கள் வீட்டு ஹாலில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. கம்பெனியில் மேனேஜர் கூப்பிட்டுக் கை கொடுத்தார். கேன்டீனில் எனக்குக் கடற்காகம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதுவும் பெருமையாகத்தான் இருந்தது. அக்கா அடுத்த இரண்டு மூன்று ஞாயிறுகள் வரவில்லை. டியூட்டி மாறியிருக்கும் என்று நினைத்தேன். சொல்லப்போனால் அவ்வளவுகூட நினைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து வாத்தியார், வடக்கே ஒரு சங்கத்தின் பத்திரிகைக்குப் படத்தின் பிரதி ஒன்று அனுப்ப வேண்டும் என்றார். ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோக்காரர் நெகட்டிவைத் தேடி எடுத்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க சார், இதுலயும் கன்னத்துல இருக்கறத எடுத்துப்போடட்டுங்களா?"

எதை என்றேன்.

"அந்தக் கருப்புங்க. போன தடவ பிளேடுல சொரண்டிச் சொரண்டி எடுத்தனுங்களே, ஞாபகம் இல்லீங்களா? நானாத்தான் எடுத்தனுங்க, நீங்க சொல்லல. பொண்ணுக்கு மரு எடுக்கற வேலைதானுங்க. பட்சின்னாலும் மூஞ்சி பளிச்சுன்னு இருக்கோணுமில்லீங்க."

சுரண்டிய இடம் தெரியாமல் இருக்க, அந்தப் படத்தையே திரும்பப் படமெடுத்துப் பிரதி போட்டதாகவும் சொன்னார். எனக்குக் கொடுத்தது அந்தப் பிரதிகள்தான். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது ஞாபகம் இல்லை. பூ வைத்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணும் அவள் தாயும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். ஸ்டுடியோக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தப்புங்களா, தப்புங்களா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் கத்துவதை நிறுத்தினேன். அவர் செய்தது தப்பு என்று எப்படிச் சொல்வது? மூன்று தலைமுறைப் பெண்களுக்கு அவர் செய்த நல்லதை ஒரு பறவைக்கும் செய்திருக்கிறார்.

நெகட்டிவை வாங்கி விளக்குக்கு எதிரே பிடித்தேன். விரிசல் பார்க்க நான் வைத்திருக்கும் சின்ன லென்ஸ் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெள்ளைத் தலை கருப்பாக இருந்தது. அதில் கண்ணுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு புள்ளி. தூசி என்று சொல்ல முடியாது. நாலு படத்திலும் அதே இடத்தில் இருந்தது.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமான இடம். நெகட்டிவைக் கவரில் போட்டு, ஸ்டுடியோக்காரரையே பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. பட்டியல் அச்சாகிப் போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு கடற்காகத்தின் பெயர் மாறினால் யார் குடி முழுகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். பத்திரிகைக்குப் படம் கேட்ட வாத்தியாரிடம் ஸ்டுடியோ பூட்டியிருக்கிறது என்று பொய் சொன்னேன். கம்பெனியில் அந்த வாரம் வழக்கத்தைவிட அதிகமாகச் சிவப்புக் கோடு போட்டேன். ஹாலில் மாட்டியிருந்த படத்தைப் பார்க்காமல் சாப்பிடுவதற்காகச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். உடம்புக்கு முடியவில்லையா என்று மனைவி கேட்டதற்கும் எரிந்து விழுந்தேன்.

அந்த வாரக் கடைசியில், மத்தியான ஷிப்டுக்குப் போகும்போது கம்பெனி கேட்டில் அக்கா நின்றுகொண்டிருந்தார். காலை டியூட்டி முடித்துவிட்டு நேராக வந்திருக்கிறார். கையில் ஒயர் கூடை, அதற்குள் பைனாகுலர் பெட்டி.

புதிதாக யாராவது வந்தால் இதைக் கொடுங்கள், எனக்கு இனிமேல் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன். கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்ததாகச் சொன்னார். மருந்து விட்டு, விளக்கு அடித்து, எழுத்துப் படிக்கச் சொல்லி எல்லாம் பார்த்தார்களாம். கண்ணில் ஒரு குறையும் இல்லையாம்.

"நல்ல சேதிதானுங்க்கா," என்றேன்.

"கண்ணு கெட்டிருந்தா நல்லா இருந்திருக்குமுங்க தம்பி. கண்ணாடி போட்டிருப்பேன்," என்றார்.

பிறகு சொன்னார். அவருடைய அம்மாவுக்குக் கடைசி இரண்டு வருஷம் இல்லாதது எல்லாம் தெரிய ஆரம்பித்ததாம். தரையில் தண்ணீர் நிற்கிறது என்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பாராம். தண்ணீர் இல்லை என்று சொன்னால் கோபம் வருமாம், அவ்வளவு தெளிவாகத் தெரியுமாம். கடைசியில் பெற்ற மகளைத் தெரியாமல் போய்ச் சேர்ந்தாராம். இப்போது எக்ஸ்சேஞ்சில் யாராவது நம்பர் சொன்னால் இவர் இரண்டு தரம் திருப்பிக் கேட்கிறார். காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம் வருகிறது. மேலதிகாரி கூப்பிட்டு, என்ன ஆச்சு என்று விசாரித்திருக்கிறார்.

"அந்தப் புள்ளிய நான் பாத்தனுங்க தம்பி. இப்பக் கண்ண மூடுனாலும் தெரியுது. இல்லாத ஒண்ணு இவ்வளவு தெளிவாத் தெரியுதுன்னா எனக்கும் ஆரம்பிச்சிருச்சுன்னுதானுங்களே அர்த்தம்?"

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கேட்டில் வாட்ச்மேன் நின்றார், என்னைக் கடற்காகம் என்று கூப்பிடுகிற நாலு பேர் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றார்கள், ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. இதெல்லாம் காரணமே இல்லை. எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். ஊரெல்லாம் பேசுகிற வாய். பைனாகுலரைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அவர் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனார். வழியில் ஒரு குழாயடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதன் முன்னால் நின்று, கீழே கூர்ந்து பார்த்துவிட்டு, பிறகு சேலையை லேசாகத் தூக்கிக்கொண்டு தாண்டினார். தண்ணீர் இருந்தது. நான் பார்த்தேன்.

உள்ளே ஒரு மணி நேரம்கூட நிற்க முடியவில்லை. வார்ப்படத்தை எடுக்கிறேன், அளவு பார்க்கிறேன், கீழே வைக்கிறேன், என்ன அளவு என்று மறந்துபோகிறது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்டுடியோவுக்குப் போய் நெகட்டிவை வாங்கிக்கொண்டு போத்தனூர் பஸ் ஏறினேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு கூட்டத்தில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம். நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வாத்தியார் நெகட்டிவைப் பார்த்துவிட்டுப் பட்டியலை என்னிடமே கொடுத்தார். என் பெயர் இருந்த வரியை நானே அடித்தேன். யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

போத்தனூரில் நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் நாலு மணி இருக்கும். அக்கா ஈரக் கையோடு வந்து கதவைத் திறந்தார். ஆச்சரியமாகப் பார்த்தார். உள்ளே வாங்க என்றார். இல்லைங்க்கா, இங்கேயே நிற்கிறேன் என்று சொல்லி, வாசலில் நின்றபடியே ஸ்டுடியோக்காரர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். நெகட்டிவையும் லென்ஸையும் கொடுத்தேன். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி வானத்துக்கு எதிரே பிடித்தார்.

"வெள்ளையா ஒண்ணு தெரியுதுங்க."

"நெகட்டிவுல வெள்ளைன்னா நெசத்துல கருப்புங்க்கா."

நாலு படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் படத்துக்குத் திரும்பிப் போய் மறுபடியும் பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். சத்தமில்லாமல், முகத்தை மூடாமல், நான் நிற்பதைப் பற்றிக் கவலையே இல்லாமல் அழுதார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வண்டி போய் முடிந்ததும் கேட்டார்.

"இது உங்களுக்கு எப்ப இருந்து தெரியுமுங்க?"

"ஒரு வாரமாச்சுங்க்கா."

"மத்தியானம் கேட்டுல நின்னு எங்கம்மா கதையச் சொன்னப்ப?"

"தெரியுமுங்க்கா."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணைப் பார்த்து நிற்பதைவிட நாலு அறை வாங்கியிருக்கலாம். தோளில் மாட்டியிருந்த பைனாகுலர் பெட்டியைக் கழற்றி நீட்டினேன். வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்து முந்தானையால் இரண்டு கண்ணாடியையும் நிதானமாகத் துடைத்தார்.

"அப்ப அந்த வல்லூறும் நான் பாத்ததுதானுங்க," என்றார்.

கேள்வியாகக் கேட்கவில்லை. ஆமாங்க்கா என்றேன்.

"நோட்டு இருக்குதுங்களா?"

இருந்தது. நோட்டும் பேனாவும் இல்லாமல் நான் எங்கும் போவதில்லை. ஒருவர் மட்டும் பார்த்தது, போட்டோ கிடையாது, பட்டியலில் ஏறாது என்பது இருவருக்கும் தெரியும். அவர் சொல்ல ஆரம்பித்தார். நான் வாசலில் நின்றபடியே எழுதினேன். முதுகு கருங்கல் நிறம். மார்பு வெள்ளை, கீழே குறுக்குக் கோடுகள். இறக்கை கூராக. டவரின் மூன்றாவது தட்டு. புறா ஒன்று.

"இன்னும் ஒண்ணு இருக்குது. அன்னைக்கு நீங்க சொல்ல உடலீங்க," என்றார். "கண்ணுக்குக் கீழ, கன்னத்துல மீசையாட்டம் கருப்பா எறங்கியிருந்துச்சு. அத உட்டுப்போடாம எழுதுங்க தம்பி."

எழுதினேன்.